ஒன்பதாம் நம்பர் அறையின் பூஜ்ஜியங்கள்

திருத்தங்கல்
மார்ச் 11

அன்புத் தம்பி செல்வத்துக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அடுப்படிக்குப் போய்க் குடத்துத் தண்ணீரைப் பார்த்தேன். வாசல் தெளிக்கவில்லை, முகம்கூடக் கழுவவில்லை. தரை லேசாக உதறியது போலிருந்தது. அதில்தான் விழிப்பு வந்தது. தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெருமுனையில் பேப்பர் ரீல் ஏற்றிய லாரி திரும்பும் சத்தம் பிறகுதான் கேட்டது. அப்பா வேலை பார்த்த பட்டாசு அறை வெடித்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. இன்னமும் தரை அசைந்தால் நான் முதலில் பார்ப்பது தண்ணீரைத்தான்.

இங்கே எல்லோரும் சுகம். மச்சானுக்குச் சளி விட்டுவிட்டது. சினேகா பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். நம் தங்கச்சி முத்துமாரி வேலைக்குப் போய் வருகிறாள். உனக்கு அந்த உயரத்தில் மூச்சு வாங்குவது குறைந்ததா? போனில் கேட்டிருக்கலாம். உனக்கு டவர் கிடைப்பதே மாதத்தில் இரண்டு நாள். கிடைத்தாலும் 'சாப்பிட்டியா, குளிருதா' என்பதிலேயே பேச்சு தீர்ந்துவிடுகிறது.

ஒரு செய்தி. பேக்கிங்கில் இருந்த என்னைப் பட்டாசுக் கம்பெனியில் பாதுகாப்பு சூப்பர்வைசராகப் போட்டுவிட்டார்கள். மேனேஜர் தங்கப்பாண்டியன் கூப்பிட்டு, "பிசிக்ஸ் படிச்சிருக்கீக, சும்மா டப்பா அடுக்கிட்டு இருந்தா எப்படி?" என்றார். பன்னிரண்டு அறை, அறைக்கு நாலு பேர். வாசலில் உடம்பு மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார்களா, பருத்திச் சேலைதான் கட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பது, சாயங்காலம் ரிஜிஸ்டரில் எழுதுவது, இதுதான் வேலை. நானும் ஒரு யோசனை சொன்னேன். சீசன் முழுக்க ஒரு பொறிகூட வராத அறைக்கு ஆயுத பூஜை அன்று ஆளுக்கு ஒரு சேலை, எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய எவர்சில்வர் அண்டா. மேனேஜருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஏழு வருஷமாக லடாக் மேட்டில் நிலநடுக்கக் கருவிகளோடு இருக்கிறாயே, ஒன்று சொல். தரை அசைந்தால் அது லாரியா, பூமியா என்று உனக்கு எப்படித் தெரிகிறது?

உடம்பைப் பார்த்துக்கொள். கம்பளித் தொப்பியைக் கழற்றாதே.

அன்பு அக்கா,
பொன்மணி


லடாக்
ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். மூச்சு பழகிவிட்டது, மூக்குதான் தோல் உரிகிறது. மச்சானுக்கு வணக்கம். சினேகாவிடம் கணக்குப் பரீட்சை எப்படி எழுதினாள் என்று கேட்டு எழுது.

நீ கேட்ட கேள்வியை இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நானும் கேட்டேன். லாரி ஒரு கருவிக்குத்தான் கேட்கும். பூமி அசைந்தால் ஐம்பது கிலோமீட்டர் தள்ளித் தள்ளி வைத்திருக்கும் நாலு கருவிகளும் ஒரே கதையைச் சொல்லும். கொஞ்சம் முன்னே பின்னே சொல்லும், அவ்வளவுதான்.

இந்த மேடு ஒரு நாள்கூடச் சும்மா இருப்பதில்லை, அக்கா. கண்ணுக்கு எட்டிய தூரம் மரம் இல்லை, ஆள் இல்லை, மண்ணும் வானமும்தான். நின்று பார்த்தால் இதைவிட அமைதியான இடம் உலகத்தில் இல்லை என்று சத்தியம் செய்வாய். உள்ளே வந்து திரையைப் பார்த்தால் கோடு நடுங்கிக்கொண்டே இருக்கும். போன வருஷம் எங்கள் நாலு நிலையங்களைச் சுற்றி அளவு இரண்டை ஒட்டிய அதிர்வுகள் மட்டும் முந்நூற்றுத் தொண்ணூறு. அளவு மூன்று நாற்பத்தொன்று. நாலு என்ற அளவில் நாலே நாலு. ஐந்து வரவில்லை. புரிகிறதா? ஒரு படி ஏறினால் எண்ணிக்கை ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிவிடும். பலமோ முப்பது மடங்குக்கு மேல் கூடிவிடும். ஜப்பானில் எண்ணினாலும், எங்கே எண்ணினாலும், கிட்டத்தட்ட இதேதான். வரைதாளில் புள்ளி வைத்தால் ஒரே நேர்கோடாகச் சாய்ந்து இறங்கும். இவ்வளவு பெரிய, கண்மூடித்தனமான ஒன்று இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்கிறதே என்று முதல் தடவை அந்தக் கோட்டைப் போட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முத்துமாரிக்கு அச்சகத்தில் இன்னும் நைட் ஷிப்டா? அவளையும் இரண்டு வரி எழுதச் சொல்.

உன் தம்பி,
செல்வக்குமார்


திருத்தங்கல்
ஏப்ரல் 24

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் பங்குனிப் பொங்கல் முடிந்து வந்தது. எல்லோரும் நலமே. சினேகா கணக்கில் ஒரு ஐந்து மார்க் கேள்வியை விட்டுவிட்டாளாம்; இரண்டு நாள் அழுகை. உன் மூக்குக்குத் தேங்காய் எண்ணெய் தடவு.

'பத்தில் ஒன்று' என்பதைப் படித்ததிலிருந்து நான் நானாக இல்லை. எங்கள் ரிஜிஸ்டரில் ஒரே ஒரு கட்டம்தான் உண்டு. 'விபத்து'. தினமும் அதில் 'இல்லை' என்று எழுதுகிறேன். எனக்கு முன்னால் இருந்தவரும் அதையே எழுதினார். ஆனால் ஒன்றும் இல்லாமலா இருக்கிறது? தரையில் சிந்திய மருந்துத் தூள் காலடியில் படபடவென்று பொரியும். பூச்சட்டிக் கூம்பில் மருந்து இடிக்கும்போது ஒரு சிமிட்டல் எரிந்து அணையும். இதற்கு இந்தப் பெண்கள் வைத்திருக்கும் பேர் தெரியுமா? 'ஆத்தா சிரிச்சா.' அப்பா காலத்துப் பேச்சுத்தான். கொஞ்சம் தண்ணீர் தெளித்து, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். அறைக்குள் சிரித்ததை வெளியே சொல்லக்கூடாது. சொன்னால் அடுத்த தடவை கோபித்துக்கொண்டு வருவாளாம்.

நான் தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டுவிட்டேன். நாலு அளவு. ஒன்று, பொரிந்தது. இரண்டு, தோலில் சுட்டது. மூன்று, ஒரு தட்டு மருந்து எரிந்தது. நாலு, அறை போனது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சும்மா பேசுவதுபோல் கேட்பேன். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. ஒன்பதாம் அறை சொர்ணலட்சுமிதான், "என்ன பி.எஸ்ஸி. அக்கா, எங்க பாவத்தையெல்லாம் நோட்டு போட்டு எழுதுறீகளா?" என்றாள்.

"பாவத்த இல்ல, பொரியத்தான் எழுதுறேன்."

"அப்ப காலைல எங்க வீட்ல கடுகு பொரிஞ்சதையும் சேத்துக்கோங்க."

அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாக நாலாம் அறை ராக்காயி, "எங்க ரூம்ல நேத்து ரெண்டு தடவ" என்றாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


லடாக்
மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் நலமா? தேங்காய் எண்ணெய் இங்கே கல்லாக உறைந்து கிடக்கிறது. கரண்டியால் சுரண்டித்தான் தடவுகிறேன்.

உன் நோட்டைப் பற்றிப் படித்துவிட்டு இரண்டு நாள் அதே நினைப்பு. ஒன்றை மட்டும் மனதில் வை. பூமிக்குப் பத்தில் ஒன்று என்றால் பட்டாசு அறைக்கும் அதுவே என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். இன்னொன்று, இந்தக் கோடு எத்தனை என்று சொல்லும். என்றைக்கு என்று சொல்லாது. ஏழு வருஷமாக இதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கு என்ன வரும் என்று எனக்கும் தெரியாது, இங்கே ஆடு மேய்ப்பவர்களுக்கும் தெரியாது.

ஏன் இந்த மேடு இப்படி நடுங்குகிறது தெரியுமா? நம் நாடு முழுவதும் வடக்கே நகர்ந்து வந்து இதன் மேல் மோதிக்கொண்டிருக்கிறது. நகம் வளரும் வேகம்தான். திருத்தங்கல், கோயில், உன் வேப்பமரம், குடத்துத் தண்ணீர் எல்லாம் சேர்ந்து வருகின்றன. நடுவில் மலைகள் நசுங்கி உயர்கின்றன. கணக்குப் பார்த்தால் நீயும் நானும் வருஷத்துக்கு ஒரு விரல் அகலம் நெருங்குகிறோம். லீவு கிடைக்காத வருஷங்களில் இதை நினைத்துக்கொள்வேன்.

முத்துமாரியைப் பற்றிக் கேட்டிருந்தேனே, நீ எழுதவில்லை. அவள் சுகம்தானே?

செல்வம்


திருத்தங்கல்
ஜூன் 25

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு என் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் விஸ்வநத்தம் வரை போனேன். கண்டக்டர் டிக்கெட்டுக்கு மூன்று தடவை கூப்பிட்டாராம். இங்கே எல்லோரும் சுகம். சினேகாவுக்கு மதுரையில் கல்லூரி கிடைத்துவிட்டது.

நேற்று சினேகாவின் வரைதாள் ஒன்றை வாங்கிப் புள்ளி வைத்தேன். பத்து வாரக் கணக்கு. பொரிந்தது, நூற்றுப் பதினான்கு. தோலில் சுட்டது, பதின்மூன்று. தட்டு எரிந்தது, ஒன்று. ஸ்கேலை வைத்தேன். கோடு போட்டேன், செல்வம். நீ சொன்ன அதே சாய்வு. நாற்பத்தெட்டுப் பெண்கள் அவரவர் அவசரத்தில் அவரவர் அறையில் மருந்து இடிக்கிறார்கள். ஒருத்தி பாட்டுப் பாடுகிறாள், ஒருத்தி வீட்டுச் சண்டையை நினைத்துக்கொண்டிருக்கிறாள். இமயத்துக்கு அந்தப் பக்கம் பாறை உடைவதும் இங்கே மருந்து பொரிவதும் யார் சொல்லிக்கொடுத்து ஒரே வரிசையில் நிற்கின்றன? சாமி கும்பிடும்போது வராத ஒரு நடுக்கம் அந்தத் தாளைப் பார்த்தபோது வந்தது. அப்புறம்தான் கோட்டை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்த்தேன். நாலாவது புள்ளி எங்கே விழும் என்று தெரிந்தது. தாளை மடித்துவிட்டேன்.

ஒரே ஆறுதல் ஒன்பதாம் அறை. மற்ற அறைகளில் எட்டு, பத்து, ராக்காயியின் அறையில் முப்பத்தொன்றுகூட வந்திருக்கிறது. ஒன்பதில் பத்து வாரமும் பூஜ்ஜியம். சொர்ணலட்சுமி, பொன்னுத்தங்கம், மாரித்தாய், அப்புறம் தைப் பொங்கலுக்குப் பின் சேர்ந்த ஒருத்தி. நாலு பேரும் அவ்வளவு பதமாக வேலை பார்க்கிறார்கள். அண்டா அவர்களுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். மேனேஜர் ராக்காயியைக் கூப்பிட்டு, "ஒம்பதாம் நம்பரப் பாத்துக் கத்துக்கோங்க" என்று திட்டியிருக்கிறார்.

முத்துமாரி நலம்.

அக்கா


லடாக்
ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சினேகாவுக்கு என் வாழ்த்து. அவளுக்கு இங்கிருந்து ஒரு சால்வை அனுப்புகிறேன். மதுரை வெயிலுக்கு எதற்கு என்று கேட்கப் போகிறாள்.

உன் புள்ளிகளை நானும் ஒரு தாளில் வைத்துப் பார்த்தேன். ஏழு வருஷம் கழித்து மறுபடி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் ஒன்பதாம் அறை எனக்குப் பிடிக்கவில்லை, அக்கா. போன குளிர்காலத்தில் எங்கள் மூன்றாவது நிலையம் பத்தொன்பது நாள் ஒரு அசைவும் இல்லாமல் சுத்தமான கோட்டை அனுப்பியது. புதுசாக வந்த பையன், "சார், அந்தப் பக்கம் அடங்கிருச்சு" என்றான். நான் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனேன். ஒன்றரை நாள் வழி. போய்ப் பார்த்தால், பொந்தில் வாழும் பூனையளவுப் பிராணி ஒன்று இங்கே உண்டு, அது வயரைக் கடித்து வைத்திருந்தது. அந்தப் பத்தொன்பது நாளில் மற்ற மூன்று நிலையங்களும் அதே இடத்தில் இருபத்தாறு அதிர்வுகளைப் பதிந்திருந்தன. பூமி அடங்கவில்லை. கருவிதான் செவிடாகிவிட்டது. இந்த வேலையில் நான் கற்றது இது ஒன்றுதான்: பூஜ்ஜியத்தைக் கண்டால் சந்தோஷப்படக் கூடாது. போய் வயரைப் பார்க்க வேண்டும்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அப்பா இறந்த அன்று நான் ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். பெஞ்சு ஒரு தடவை உதறியது. மைக்கூடு ஆடியது. சத்தம் இல்லை. ஏதோ தோன்றி எண்ண ஆரம்பித்தேன். ஒன்பது எண்ணியபோது சத்தம் வந்தது. தரை வழியாகச் செய்தி முதலிலேயே வந்துவிட்டது. காற்று வழியாக வர மூன்று கிலோமீட்டருக்கு ஒன்பது நொடி. அந்த ஒன்பது எண்ணிக்கையில் அப்பா இருந்தாரா, போய்விட்டாரா என்று எனக்குத் தெரியாது. அந்த ஒன்பதுக்குள்தான் நான் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சில சமயம் தோன்றும். நீயும் முத்துமாரியும் மருந்து அறைக்குள் கால் வைக்கக் கூடாது என்று நான் அம்மாவிடம் சத்தியம் வாங்கியது அதனால்தான்.

ஒன்பதாம் அறைக்குப் போய்ப் பார்.

செல்வம்


லடாக்
ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகப் பதில் இல்லை. எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் இரண்டு தடவை கிடைத்தாய். 'சீசன்டா, வேலை சாஸ்தி' என்று வைத்துவிட்டாய்.

பத்தாம் தேதி இங்கே ஐந்து வந்தது. ஏழு வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் இது எனக்கு இரண்டாவது. வெளியே நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். எதிர்ச் சரிவில் மேய்ந்த ஆடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலை தூக்கின. பிறகு காலடியில் ஒரு தட்டு, கதவைத் தட்டுவது போல. பிறகு மேடு முழுவதும் கம்பளத்தை உதறியது போல ஒரு நெளிவு ஓடியது. ஏரித் தண்ணீர் வெள்ளையாகச் சிலிர்த்தது. மலையிலிருந்து கற்கள் உருண்டன; புழுதி எழுந்து அரை மணி நேரம் அப்படியே நின்றது. இரண்டு சுவர்கள் விழுந்தன, யாருக்கும் அடியில்லை. பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே நான் அழுதிருக்கிறேன். பயம் இல்லை. இவ்வளவு பெரியதன் முதுகில் இத்தனை நாள் நடந்துகொண்டிருந்தோமே என்று.

அன்று இரண்டும் மூன்றுமாக நூற்றுக்கு மேல் பின்னால் வந்தன. ஒவ்வொன்றையும் எழுதிவைத்தோம்.

இரண்டு வரியாவது எழுது.

செல்வம்


திருத்தங்கல்
செப்டம்பர் 4

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் உயிரோடு, சுகமாக இருக்கிறோம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் படிக்க உனக்குத் தைரியம் வேண்டும். சால்வை வந்தது.

ஒன்பதாம் அறையின் அந்த நாலாவது ஆள் முத்துமாரி.

அச்சகத்தில் ஆள் குறைத்தபோது அவளை நிறுத்திவிட்டார்கள். அவள் புருஷன் திருப்பூர் போனவன் போனவன்தான். தைப் பொங்கல் கழிந்து, "அக்கா, உங்க கம்பெனியிலயே சேத்துவிடு, அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்" என்றாள். சேர்த்துவிட்டேன். நீ இரண்டு தடவை கேட்டாய். நான் 'நலம்' என்று எழுதினேன். அது பொய்யில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

உன் ஜூலைக் கடிதம் வந்த மறுநாள் ஒன்பதாம் அறைக்குப் போனேன். சுத்தமாக இருந்தது, தண்ணீர் வாளி நிறைய இருந்தது, நாலு பேரும் சிரித்த முகம். வயர் நன்றாகத்தான் இருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டேன். ஆகஸ்ட் கடைசியில் ஒரு மதியம், மரத்தடியில் முத்துமாரி இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வலது உள்ளங்கை நிறைய மருதாணி.

"என்னடி ஒத்தக் கையில மட்டும்?"

"இலை பத்தல."

"நம்ம வீட்டு மருதாணிச் செடி அம்புட்டு உசரம் நிக்கி. இலை பத்தலையா?"

கையைப் பிடித்துத் திருப்பினேன். சிவப்புக்கு அடியில் கொப்புளம் உடைந்து பளபளத்தது. அவள் கையை இழுக்கவில்லை. சொர்ணலட்சுமி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "எத்தன தடவ?"

"எனக்கு இது ரெண்டாவது. ரூம்ல மொத்தம் நாப்பது இருக்கும். எண்ணல."

"மத்த ரூம்ல எல்லாம் சொல்றாகள்லா? நீங்க மட்டும் ஏன்டி?"

"அண்டா எங்களுக்குத்தான்னு ஊரே பேசுது. நாங்க அத மாரித்தாயக்காவுக்கே விட்டுக்குடுத்துட்டோம். மகளுக்குச் சீர் வைக்க அதத்தான் நம்பி இருக்காக. நான் போயிச் சொல்லிக் கெடுக்கவா? சூப்பர்வைசர் தங்கச்சி கோள் மூட்டுனான்னு பேரு வரணுமா?" பிறகு மெதுவாக, "நீதானக்கா பொறி வராத ரூமுக்குப் பரிசுன்ன" என்றாள்.

அண்டா என் யோசனை, செல்வம். வயரைக் கடித்தது நான்தான்.

மறுநாள் அந்த அறையில் மருந்து சலிக்கும் சல்லடையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூலையில் கிழிந்திருந்தது. பொடிக்கல் மருந்தோடு இறங்கியிருக்கிறது, இடிக்கும்போதெல்லாம் உரசியிருக்கிறது. முதல் பத்துப் பொரியையாவது சொல்லியிருந்தால் மே மாதமே சல்லடையை மாற்றியிருப்பேன். காரணம் சொல்லாமல் மாற்றிவிட்டேன். ஆனால் இப்போது மற்ற அறைகளும் ஒன்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டுவிட்டன. ஜூலையில் நாற்பது, ஆகஸ்டில் பதினைந்து, இந்த வாரம் ஒன்றுகூட இல்லை. ராக்காயிகூட, "ஒண்ணுமில்லக்கா, ஆத்தா ஊருக்குப் போயிருக்கா" என்று சிரிக்கிறாள். லோடு மட்டும் இரண்டு மடங்கு ஏறியிருக்கிறது. மேனேஜர், "பாத்தீகளா, உங்க அண்டா என்னமா வேல செய்யுது" என்கிறார். என் நோட்டில் பக்கம் பக்கமாகப் பூஜ்ஜியம். எந்த அறையில் அந்தச் சல்லடை போல் வேறு எது கெட்டிருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியாது.

முத்துமாரியை நின்றுவிடச் சொன்னேன். "நான் நின்னா என் எடத்துக்கு இன்னொருத்தி வருவா. அவளும் யாரோ ஒருத்திக்குத் தங்கச்சிதான்" என்கிறாள்.

என்ன திட்டினாலும் எழுது.

அக்கா


லடாக்
செப்டம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முத்துமாரியின் கை எப்படி இருக்கிறது?

திட்டி ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துவிட்டேன். அம்மாவிடம் சத்தியம் வாங்கிவிட்டு நான் ரயிலேறிவிட்டேன். அரிசி வாங்க வேண்டியது நீங்கள்.

பூமிக்கு யாரும் பரிசு கொடுப்பதில்லை, அக்கா. அதனால்தான் அது எதையும் மறைப்பதில்லை. ஆயுத பூஜைக்கு மூன்று வாரம் இருக்கிறது என்பது மட்டும் மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். அப்பாவின் அறையில் முன்னால் சின்னது எதுவும் வந்திருக்குமா? வந்திருந்தால் அப்பா யாரிடமாவது சொல்லியிருப்பார், சொல்லவில்லை, அதனால் வரவில்லை, ஒரே அடியாகத்தான் வந்தது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அதில் ஒரு நிம்மதி இருந்தது. உன் கடிதத்துக்குப் பிறகு அது போய்விட்டது. இனி யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை.

செல்வம்


திருத்தங்கல்
அக்டோபர் 10

அன்புத் தம்பிக்கு,

முத்துமாரியின் கை ஆறிவிட்டது, தழும்பு இருக்கும். உனக்கு அங்கே பனி தொடங்கியிருக்கும். உடம்பு எப்படி?

உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. இன்று விடிந்ததும் குடத்துத் தண்ணீரைப் பார்த்தேன். அசையவில்லை. முன்னால் என்றால் நிம்மதியாக வாசல் தெளிக்கப் போயிருப்பேன். இன்று அதன் முன்னாலேயே உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

யாரைக் கேட்பது என்று எழுதியிருந்தாய். என்னைக் கேள்.

எனக்குப் பதினாறு வயது. ஒரு சாயங்காலம் அப்பா பின்வாசலில் உட்கார்ந்து என்னை மட்டும் கூப்பிட்டார். ஆள்காட்டி விரலில் ஒரு புளியங்கொட்டை அளவுக்குச் சுட்டிருந்தது. பல் பொடிக்குப் பதில் அப்போதுதான் பேஸ்ட் வாங்க ஆரம்பித்திருந்தோம். அதைத் தடவினேன். "அம்மாட்ட சொல்லிறாத தாயி. ஆத்தா சிரிச்சா, அம்புட்டுத்தான்" என்றார். நாலு நாள் கழித்து மணிக்கட்டில். அதற்குப் பிறகு ஒரு நாள் புருவ முடி கருகி வந்தார். அடுப்பு ஊதினேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பன்னிரண்டு நாளில் மூன்று தடவை. உன்னிடமும் முத்துமாரியிடமும் சொல்லாததை என்னிடம் சொல்கிறாரே என்று எனக்கு அவ்வளவு பெருமை. பதின்மூன்றாம் நாள் நீ பெஞ்சில் உட்கார்ந்து ஒன்பது எண்ணினாய்.

சொல்லியிருந்தால் அம்மா அவரை வேலைக்கு விட்டிருக்கமாட்டாள். அது எனக்கு அன்றே தெரியும். படித்தேன், கல்யாணம் செய்தேன், பிள்ளை பெற்றேன், சூப்பர்வைசர் ஆனேன். அந்த மூன்றை எந்த நோட்டிலும் எழுதவில்லை. நாற்பத்தெட்டுப் பேரிடம் 'மறைக்காமச் சொல்லுங்க' என்று கேட்கும் நான்தான், செல்வம், இந்த ஊரிலேயே அதிக நாள் மறைத்தவள். உன் நிம்மதியைக் கெடுத்துவிட்டேன். ஆனால் உன் கோட்டில் அந்த மூன்று புள்ளியும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உன் கணக்கும் தப்பாகத்தான் இருக்கும்.

நாளை ஆயுத பூஜை. வாழை மரம் கட்டியாகிவிட்டது. அண்டாவைத் தேய்த்து, விளிம்பில் சந்தனம் வைத்து மேசை மேல் நிறுத்தியிருக்கிறார்கள். ஒன்பதாம் அறைக்காரர்கள் நாலு பேரும் ஒரே நிறத்தில் ரவிக்கை தைத்துவிட்டார்கள். பூஜை முடிந்ததும் மேனேஜர் மைக்கை என் கையில் கொடுத்து, பரிசு பெற்ற அறையை வாசிக்கச் சொல்வார். அதற்குப் பின்னும் தீபாவளி வரை இருபது நாள் லோடு இருக்கிறது. அந்த இருபது நாளும் பன்னிரண்டு அறையும் பேச வேண்டும்.

வேலை போகலாம். மாரித்தாய் என் முகத்தில் விழிக்கமாட்டாள். முத்துமாரி வீட்டில் பேசாமல் இருப்பாள், அல்லது பேசுவாள். மச்சானிடம் சொல்லவில்லை. முத்துமாரி இதோ அடுத்த அறையில் நாளைய சேலைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருக்கிறாள், அவளிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைக்கூட நாளைச் சாயங்காலத்துக்குப் பிறகுதான் பெட்டியில் போடுவேன்.

மைக்கை வாங்கியதும் நான் எந்த அறையின் பேரையும் வாசிக்கப் போவதில்லை. நோட்டின் முதல் பக்கத்தில், ஏப்ரலுக்கு மேலே விட்டிருந்த இடத்தில், இன்று காலை ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அதைத்தான் வாசிப்பேன்.

சங்கிலிமுத்து. மூன்று தடவை. மறைத்தது, அவர் மகள் பொன்மணி.